தேக்காவில் மளிகைக்கடை: ஞாயிறு, தசமபாகம், பூஜைப் பொருள், ஆள் எடுப்பது... எப்படி முடிவெடுப்பது?

புதுக்கடை_சிங்கை:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சிங்கப்பூர் தேக்காவில் (லிட்டில் இந்தியா), சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் மளிகைக்கடை தொடங்குகிறோம். பிரைவேட் லிமிடெட் நிறுவனம். எனக்கு 70 பங்கு, மைத்துனருக்கு 30. அவர் இந்து. மாத விற்பனை வரி நீங்கலாக 120,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரும் என்பது எங்கள் கணிப்பு. சரக்குக் கொள்முதல் 92,000, வாடகை 9,000, சம்பளமும் மத்திய சேமநிதியும் (மசே நிதி; என் சம்பளம் உட்பட) 13,500, மற்ற செலவு 2,500. மிச்சம் 3,000.

வேதாகமத்துக்கு ஒத்தபடி நடத்த வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். "ஜெபம் பண்ணுங்க, கர்த்தர் வழிகாட்டுவார்" என்று பலரும் சொல்லிவிட்டார்கள். ஜெபம் நடக்கிறது. எனக்கு இப்போது வேண்டியது நடைமுறை.

ஞாயிறு கடை அடைக்கலாமா? அந்த வட்டாரத்தில் வாரத்திலேயே பெரிய வியாபாரம் அன்றுதான், சுமார் 7,000 வெள்ளி. தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு காணிக்கை) விற்பனையிலா, லாபத்திலா, கம்பெனிக் கணக்கிலிருந்தா? சபை ஆட்களை மட்டும் வேலைக்கு எடுத்து, காலையில் ஜெபத்தோடு கடை திறக்கலாமா? கற்பூரம், விபூதி, ஊதுபத்தி விற்கலாமா? பீர், சிகரெட் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

---

மளிகைமணி:

பிரதர், ஞாயிறு விஷயத்தை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் முடிவு செய்யுங்கள். பிறகு செய்தால் அது உங்கள் முடிவாக இருக்காது, வாடகையின் முடிவாக இருக்கும்.

உங்கள் எண்களையே வைத்துப் பார்ப்போம். ஞாயிறு 7,000 என்றால் மாதத்துக்கு (4.33 வாரம்) 30,300. உங்கள் மொத்த லாப விகிதம் (விற்பனையில் கொள்முதல் போக நிற்பது) 23 விழுக்காடு. ஆக ஞாயிறு அடைத்தால் மாதம் சுமார் 7,000 வெள்ளி லாபம் போகும். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் சனிக்கோ வேறு நாளுக்கோ மாறினாலும் 3,500 போகும். மாத மிச்சமே 3,000. அதாவது 9,000 வாடகையில் ஞாயிறு அடைப்பது நஷ்டக் கடை. 7,500க்குக் கடை கிடைத்தால் தாங்கும். கிடைக்காவிட்டால் வெளிநாட்டு ஊழியர் கூட்டத்தை நம்பாத வட்டாரத்தில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழே பாருங்கள். அங்கே ஞாயிறு அவ்வளவு பெரிய நாள் இல்லை.

நடுவழி ஒன்று உண்டு. தேக்காவில் ஞாயிறு கூட்டம் மதியத்துக்குப் பிறகுதான் சேர்கிறது. காலை ஆராதனை முடிந்து 2 மணிக்குத் திறந்தால் அன்றைய விற்பனையில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். ஆனால் இதை ஓய்வுநாள் ஆசரிப்பு என்று உங்களுக்கு நீங்களே பெயர் வைத்துக்கொள்ளாதீர்கள். அது ஆராதனைக்கு நேரம் ஒதுக்குவது. இரண்டும் வேறு. முழு நாளும் அடைப்பதுதான் உங்கள் மனச்சாட்சி என்றால், அதற்கேற்ற வாடகையைத் தேடுவதுதான் நேர்மை.

முழுதாக அடைப்பதாக இருந்தால் சனிக்கிழமைக் கொள்முதலைக் குறையுங்கள். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து வரும் கீரை, கறிவேப்பிலை, வாழை இலை எல்லாம் திங்கள் காலை வாடிப்போயிருக்கும். ஞாயிறு அடைக்கிற கடைகளுக்குக் கண்ணுக்குத் தெரியாமல் பணம் கசிவது இங்கேதான்.

ஆட்களின் ஓய்வு நாள்: வேலை நியமனச் சட்டப்படி வாரம் ஒரு ஓய்வு நாள் கொடுக்க வேண்டும், அது ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நாள் மாறி மாறி வந்தால் மாதம் தொடங்குமுன் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். ஓய்வு நாளில் நீங்கள் கேட்டு வேலை செய்தால், அரை நாள் வரைக்கும் ஒரு நாள் சம்பளம் கூடுதல், அதற்கு மேல் போனால் இரண்டு நாள் சம்பளம். "சபைக்குப் போயிட்டு வந்து ரெண்டு மணி நேரம் நில்லுப்பா" என்பது இலவசம் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் மளிகையில் விசுவாசம் முதலில் சோதிக்கப்படுவது தராசில்தான். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது." வியாபாரத் தராசில் அங்கீகரிக்கப்பட்ட சோதனையாளர் ஒட்டிய துல்லிய முத்திரை இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி சோதிக்க வேண்டும். இது சட்டம். ஆனால் முத்திரை ஒட்டிய தராசிலேயே குறையும் வழிகள் உண்டு:

- 5 கிராம் படியுள்ள (ஐந்து ஐந்து கிராமாக எண் ஏறும்) தராசில் 50 கிராம் ஏலக்காய் நிறுப்பது. அந்த வகைத் தராசுக்குக் குறைந்தபட்ச நிறை பொதுவாகப் படியைப் போல 20 மடங்கு, அதாவது 100 கிராம். தராசின் விவரத் தகட்டிலேயே எழுதியிருக்கும், பாருங்கள். ஏலக்காய், கிராம்பு, ஜாதிக்காய்க்கு நுண்படியுள்ள சின்னத் தராசு தனியாக வாங்குங்கள்.
- பையின் எடையைக் கழிக்காமல் நிறுப்பது. புளிக்குப் போடும் தடித்த பையே 8, 10 கிராம் வரும்.
- மின்விசிறிக்குக் கீழே தராசு வைப்பது. எண் நிலைக்காமல் ஆடும், அவசரத்தில் ஆள் ஏறுகிற எண்ணைப் பார்த்து எடுத்துவிடுவார்.
- 25 கிலோ மூட்டையைப் பிரித்து ஒரு கிலோ பைகளாகக் கட்டி மாதக்கணக்கில் வைப்பது. காய்ந்த மிளகாய், வெல்லம், புளி ஈரம் காய்ந்து எடை குறையும். இவற்றுக்கு 1,010 முதல் 1,015 கிராம் வரை போட்டுக் கட்டுங்கள். விலையில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம், எடையில் குறைக்கக்கூடாது.

காலையில் திறக்கும்போது ஒரு கிலோ சோதனைக் கல்லை வைத்துப் பார்ப்பது அரை நிமிட வேலை. பிரித்துக் கட்டும் பையில் மூல மூட்டையின் காலாவதித் தேதியே வர வேண்டும், நீங்கள் கட்டிய தேதியிலிருந்து புதிதாக எண்ணக்கூடாது. காலாவதிக்கு மூன்று நாலு வாரம் இருக்கும் பொருளை அலமாரியிலிருந்து எடுத்து உணவு வங்கிக்குக் கொடுத்துவிடலாம். லேவியராகமம் சொல்லும் வயல் ஓரத்துக் கதிர், மளிகைக்காரருக்கு இதுதான். 2024இல் நிறைவேறிய உணவு நன்கொடைச் சட்டம், பாதுகாப்பு நிபந்தனைகளைக் கடைப்பிடித்துக் கொடுப்பவருக்குப் பொறுப்பிலிருந்து பாதுகாப்பும் தருகிறது.

---

கணக்குப்பிள்ளை:

தசமபாகத்துக்கு வருகிறேன். விற்பனையில் பத்தில் ஒன்று என்றால் மாதம் 12,000. உங்கள் மிச்சத்தைப் போல நாலு மடங்கு. அந்தப் பணம் சரக்குக் கொடுத்தவருடையது, வீட்டுக்காரருடையது, ஊழியருடையது. அதிலிருந்து காணிக்கை கொடுப்பது அடுத்தவர் பணத்தைக் கொடுப்பது. மொத்த லாபத்தில் (28,000) என்றால் 2,800. அதுவும் மிச்சத்தை ஏறக்குறைய முழுக்கத் தின்றுவிடும். உபாகமம் 14 பேசுவது விளைந்த பலனைப் பற்றி. வணிகருக்குப் பலன் என்பது செலவும் வரியும் போக நின்றது.

என் யோசனை இரண்டு படி. முதலில், உங்கள் மாதச் சம்பளத்தில் பத்தில் ஒன்றைச் சொந்தக் கணக்கிலிருந்து கொடுங்கள். அது மாதாமாதம், தயக்கமில்லாமல். இரண்டாவது, ஆண்டு முடிவில் சரக்கை எண்ணி, கணக்கு மூடி, வரி போக நின்றதில் லாப ஈவு (டிவிடெண்ட்) அறிவியுங்கள். கணிப்புப்படி ஆண்டு லாபம் 36,000 என்றால், புதிய நிறுவனங்களுக்கான விலக்கில் 75 விழுக்காடு கழிந்து 9,000க்கு 17 விழுக்காடு, அதாவது 1,530 வெள்ளி வரி. மிச்சம் 34,470. அதை முழுதும் எடுக்காதீர்கள், இரண்டாம் ஆண்டில் சரக்குக்கு முதல் வேண்டும். 20,000 ஈவு அறிவித்தால் உங்கள் பங்கு 14,000. ஈவுக்குத் தனிநபர் வரி இல்லை. அதில் 1,400 தசமபாகம்.

கம்பெனிக் கணக்கிலிருந்து நேராகச் சபைக்கு அனுப்ப வேண்டாம். அந்தப் பணத்தில் 30 விழுக்காடு மைத்துனருடையது. அவர் தாராளமாகத் தலையாட்டினாலும் எழுத்தில் தீர்மானம் இல்லாமல் செய்தால், சொந்தச் செலவுக்கு நிறுவனப் பணத்தை எடுத்ததாகவே பின்னால் தெரியும். உற்சாகமாய்க் கொடுக்கிறவரிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார் என்ற வசனம், அவரவர் மனதில் நியமித்தபடி என்றுதான் தொடங்குகிறது. மைத்துனருக்காக நீங்கள் நியமிக்க முடியாது.

வரிச் சலுகை பற்றி ஒரு பொதுவான தவறான எண்ணம்: சபைக்குக் கொடுக்கும் காணிக்கைக்கு வரிக் கழிவு கிடைப்பதில்லை. 250 விழுக்காட்டுக் கழிவு, பொது நல அமைப்பு என்ற தகுதி பெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு மட்டும். சபைகள் நடத்தும் சமூக சேவை அமைப்புகள் சில அந்தத் தகுதி பெற்றவை, சபை பெறாது. தமிழ்நாட்டு மிஷன் பணிக்கு அனுப்புவதற்கும் கழிவு இல்லை. உங்களைப் போன்ற முதல் மூன்று ஆண்டு நிறுவனத்துக்கு அந்தக் கழிவும் பெரிய தொகையில்லை. 1,000 வெள்ளி கொடுத்தால் வரி மிச்சம் நூற்றுச் சொச்சம். சலுகைக்காகக் கொடுக்கும் இடத்தை மாற்றாதீர்கள்.

உண்மையில் விசுவாசக் கடைகள் இடறுவது தசமபாகத்தில் இல்லை, பொருள் சேவை வரியில். உங்கள் கணிப்பு ஆண்டுக்கு 1.44 மில்லியன். ஒரு காலண்டர் ஆண்டில் 1 மில்லியனைத் தாண்டினால் பதிவு கட்டாயம். 109 வெள்ளி கல்லாவில் விழுந்தால் 9 வெள்ளி உங்களுடையது இல்லை. வாரம் ஒரு முறை அதைத் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்றால், காலாண்டு முடியும்போது அந்தப் பணம் பருப்பு மூட்டையாக மாறிப் பின்னறையில் இருக்கும். கெடு ஒரு மாதம்தான். பிந்திக் கட்டினால் 5 விழுக்காடு அபராதம். அப்போதுதான் "ரொக்கத்துக்கு ரசீது வேண்டாம்" என்ற பழக்கம் பலருக்குத் தொடங்குகிறது. சின்னச் சப்ளையர்கள் பலர் பதிவு பெறாதவர்கள், அவர்களிடம் வாங்கியதற்கு உள்வரி (கொள்முதலில் கட்டும் பொருள் சேவை வரி) கழிக்க முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தாக்கல் செய்த வரிக் கணக்கில் தவறு தெரியவந்தால் அவர்கள் கேட்குமுன் நீங்களே வருவாய் ஆணையத்திடம் சொல்லிவிடுங்கள். தாக்கல் கெடுவிலிருந்து ஓராண்டுக்குள் தானாக முன்வந்து சொன்னால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு அபராதமே இல்லை.

கையில் பணம் குறைந்த மாதத்துக்கு இப்போதே ஒரு வரிசை எழுதி வையுங்கள்: ஊழியர் சம்பளம், மசே நிதி, பொருள் சேவை வரி, சப்ளையர், வாடகை, கடைசியில் உங்கள் சம்பளம். சம்பளம் மாதம் முடிந்து 7 நாளுக்குள், மசே நிதி மறுமாதம் 14க்குள். பிந்தினால் மாதம் 1.5 விழுக்காடு வட்டி. "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்று படித்துவிட்டு ஏழாம் நாள் வரை இழுப்பது சட்டத்துக்குச் சரி, நமக்கு அழகில்லை. மாதக் கடைசி நாளே போட்டுவிடுங்கள். திறக்குமுன் ஒரு மாதச் சம்பளத்தைத் தனியாக ஒதுக்கி வைத்தால் இது முடியும்.

---

லூர்து_மைந்தன்:

முதலில் ஞாயிறு பற்றி ஒரு வரி. கத்தோலிக்கர் சனிக்கிழமை மாலைத் திருப்பலியிலேயே ஞாயிறு கடமையை நிறைவேற்றலாம். ஊழியரில் கத்தோலிக்கர் இருந்தால் சனி மாலை அவர்களை விட்டுவிடுங்கள்.

ஆள் எடுப்பது. "கிறிஸ்தவர் மட்டும்" என்று விளம்பரம் போடாதீர்கள், விண்ணப்பத்தில் மதம் கேட்காதீர்கள். நியாயமான வேலை நியமன நடைமுறைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி எல்லா முதலாளிகளுக்கும் பொருந்தும். மீறினால் மனிதவள அமைச்சு வேலை அனுமதிச் சலுகைகளை நிறுத்தலாம். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்தில் மதமும் பாதுகாக்கப்பட்ட அம்சம். 25 பேருக்குக் குறைந்த நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு, ஆனால் அந்த விலக்கின் பின்னால் ஒளிந்துகொண்டு செய்கிற காரியமா இது? மளிகைக்கடைக் கல்லாவில் நிற்க ஞானஸ்நானம் தேவையில்லை. சபை ஆட்களை மட்டும் எடுத்த கடைகளில் இன்னொரு சிக்கலும் வருகிறது: வேலை சரியில்லை என்று கண்டிக்க முடியாமல், ஞாயிறு முகம் பார்க்க வேண்டுமே என்று முதலாளி விழுங்கிக்கொள்வார்.

காலை ஜெபம்: வேலை 10 மணிக்கு என்றால் 9.40க்கு, வர விரும்புகிறவர்கள் மட்டும், கல்லாப் பக்கம் அல்லாமல் பின்னறையில். வராதவர் பெயரை யாரும் குறிக்கக்கூடாது. கட்டாயமாக்கினால் அது வேலை நேரம். அதைவிட முக்கியம், வேலை அனுமதிக்கு உங்களையே நம்பியிருக்கிற ஆளுக்கு "விருப்பமிருந்தால் வா" என்பதே கட்டளையாகக் கேட்கும். அவர்களிடம் நீங்கள் நேரில் அழைக்கவே வேண்டாம். கொலோசெயர் 4:1 எஜமானிடம் கேட்பது "நீதியும் செவ்வையுமானதை." அது சம்பளச் சீட்டில் தெரியட்டும்.

வெளிநாட்டு ஆட்கள் பற்றி யாரும் சொல்லவில்லை, இதில்தான் நம் ஆட்கள் ஜெயில் வரைக்கும் போகிறார்கள். கடை உதவியாளர் வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் ஆள் கொண்டுவர முடியாது. சேவைத் துறையில் அந்த வேலைக்கு அனுமதிக்கப்பட்ட நாடுகளில் இந்தியா இல்லை. மலேசியத் தமிழரை எடுக்கலாம், மொத்த ஆட்களில் 35 விழுக்காடு வரை. எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் ஊழியருக்கான அனுமதி) 10 விழுக்காடுதான், உங்கள் அளவுக் கடைக்கு ஒன்றுகூட வராது. அப்போது யாராவது ஒரு "வழி" சொல்வார்கள்: வேலைக்கே வராத அத்தை பெயரில் மசே நிதி கட்டி உள்ளூர் ஆள் எண்ணிக்கையை ஏற்றுவது, எஸ் பாஸில் கூடுதல் சம்பளம் காட்டிப் பாதியைக் கையில் திருப்பி வாங்குவது. இரண்டும் குற்றம். வேலை தருவதற்காக வெளிநாட்டு ஊழியரிடம் பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" என்பது பிரசங்கத்துக்கு மட்டும் இல்லை, மனிதவள அமைச்சுப் படிவத்துக்கும்தான்.

கடையில் கிறிஸ்தவப் பாடல் ஓடவிட்டாலும் பொது இடத்தில் ஒலிபரப்புவதற்கான இசை உரிமம் தேவைப்படும். காம்பஸ் அமைப்பிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் நீங்கள் கட்டும் மாதச் சந்தா வீட்டில் கேட்க மட்டும்.

---

மூப்பர்_யீஷூன்:

பூஜைப் பொருள் பற்றி நல்ல விசுவாசிகளே இரு பக்கமும் நிற்கிறார்கள். ஒரு பக்கம் 1 கொரிந்தியர் 10:25, கடையில் விற்கப்படுகிற எதையும் விசாரிக்காமல் வாங்கிப் புசிக்கலாம் என்கிறது. ஆனால் அது வாங்கிச் சாப்பிடுகிறவருக்குச் சொன்னது, விற்கிறவருக்கு அல்ல. அதை வைத்து விபூதி விற்பதை நியாயப்படுத்துவதை நான் ஏற்கவில்லை. மறுபக்கம், தேங்காய், வெற்றிலை, வாழைப்பழம், மஞ்சள், நெய், நல்லெண்ணெய் எல்லாம் பூஜைக்கும் போகும், குழம்புக்கும் போகும். வாங்குகிறவர் எதற்கு என்று விசாரிப்பது உங்கள் வேலை இல்லை.

எனவே என் கோடு இது: பெரும்பாலும் வழிபாட்டுக்கே வாங்கும் பொருளை (விபூதி, குங்குமம், சாமிப் படம், திரிநூல்) வைக்காதீர்கள். இரட்டைப் பயன் உள்ளதைத் தாராளமாக வையுங்கள். கற்பூரமும் ஊதுபத்தியும் நடுவில் நிற்கின்றன. நான் வைக்க மாட்டேன், வைக்கிறவரைக் குறை சொல்லவும் மாட்டேன்.

பட்டியலை மைத்துனரோடு உட்கார்ந்து, திறக்குமுன் எழுதுங்கள். அவருடைய 30 பங்குக்கும் இதில் குரல் உண்டு. கார்த்திகை மாதம் வாடிக்கையாளர் கேட்கிறார் என்று வைத்து, லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) உறுத்துகிறது என்று எடுப்பது இரு தரப்பையும் புண்படுத்தும். யாராவது கேட்டால் "இங்கே இல்லைங்கம்மா, ரெண்டு கடை தள்ளி இருக்கு" என்று வழி காட்டுங்கள். ஏன் இல்லை என்று விளக்கம் வேண்டாம். அந்தத் தெருவில் அவர்கள் பக்தியை மதிக்காத ஒரு சொல் உங்கள் கல்லாவிலிருந்து வரக்கூடாது.

ஆயுத பூஜைக்கு இந்து ஊழியர்கள் தராசுக்குப் பொட்டு வைக்கக் கேட்பார்கள். கடைப் பொருளுக்கு வேண்டாம் என்று முந்தின வாரமே நயமாகச் சொல்லிவிட்டு, அன்றைக்குக் கோயிலுக்குப் போய்வர நேரம் கொடுங்கள். தீபாவளி போனஸை கிறிஸ்துமஸ் போனஸுக்குச் சமமாக, தீபாவளிக்கு முன்னாலேயே கொடுங்கள்.

---

புதுக்கடை_சிங்கை:

எல்லாருக்கும் மிகுந்த நன்றி. வீட்டுக்காரரிடம் 7,500க்குப் பேசிப் பார்க்கிறேன், ஒத்துவராவிட்டால் வேறு இடம். இன்னும் இரண்டு. வெளிநாட்டு ஊழியர்களுக்குச் சம்பள நாள் வரை கடன் கொடுக்கலாமா? சபையில் ஒரு சகோதரர் கேட்டரிங் நடத்துகிறார், எங்களிடம் மொத்தமாக வாங்கப் போகிறார். அவர் பணம் தராவிட்டால் 1 கொரிந்தியர் 6இன்படி வழக்குப் போடக்கூடாது, அப்படித்தானே?

---

மளிகைமணி:

கொடுக்கலாம். ஒரு ஆளுக்கு 80 வெள்ளி மாதிரி உச்சவரம்பு, வட்டி கிடையாது, நோட்டில் அவர் எதிரிலேயே எழுதி அவரிடமும் ஒரு துண்டுச் சீட்டு. வேலை அனுமதி அட்டையையோ பாஸ்போர்ட்டையோ எக்காரணத்துக்கும் வாங்கி வைக்காதீர்கள். வராத கடனைப் பெயர் போட்டுச் சுவரில் ஒட்டாதீர்கள். ரொக்கமாகக் கடன் கொடுத்து வட்டி வாங்கினால் உரிமமில்லாத வட்டித் தொழில் ஆகிவிடும். "ஊருக்குப் பணம் அனுப்பிக் கொடுங்கண்ணே" என்று வாங்குவதும் வேண்டாம், பணம் அனுப்பும் தொழிலுக்கு நாணய ஆணையத்தின் உரிமம் தேவை. பக்கத்திலேயே உரிமம் பெற்ற கடை இருக்கிறது, அங்கே அனுப்புங்கள்.

---

கணக்குப்பிள்ளை:

சபைச் சகோதரருக்கும் எல்லாருக்கும் போடும் அதே ரசீது, அதே 30 நாள் தவணை, அதே கடன் வரம்பு. 2,000 வெள்ளிக்கு மேல் நிலுவை நின்றால் அடுத்த சரக்கு ரொக்கத்துக்கு என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் பணத்தால் இல்லை, எழுதாததால்.

தராமல் போனால் மத்தேயு 18இன் வரிசையில் போங்கள்: தனியாக நீங்கள், பிறகு இருவரும் மதிக்கும் ஒருவரோ இருவரோ உடன், பிறகு சபை மூப்பர்கள். ஆனால் இதற்கு நாள் குறியுங்கள். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000. இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும். மூப்பர்கள் முன்னிலையில் பேசும்போதே "இவ்வளவு தர வேண்டியது உண்மை, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று கையெழுத்திட்ட தாள் ஒன்று வாங்கிவிடுங்கள். அது இருந்தால் பெரும்பாலும் வேறெங்கும் போக வேண்டியிருக்காது.

பவுல் "ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை" என்று கேட்கிறார். சகித்து விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, உங்கள் 70 பங்கு அளவுக்கு. மைத்துனரின் 30ஐ அவரைக் கேட்காமல் விட்டுக்கொடுக்க முடியாது. அவர் விடமாட்டேன் என்றால் அந்தத் தொகையை உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து கம்பெனிக்குக் கட்டிவிட்டு, பிறகு சகோதரரை மன்னியுங்கள்.